கடலில் வந்த இரண்டாம் ஞாயிறு

என் அருமை மகனுக்கு,

நானும் அப்பாவும் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தோம். பெட்டிகளைக் காலி செய்து, கண்டவர்களுக்கெல்லாம் கதை சொல்லித் தொண்டையும் கட்டிவிட்டது. பீர்மேட்டில் மழை பிடித்துக்கொண்டது. துவைத்த துணி காயாமல் அடுப்புக்கு மேலே கொடியில் புகை குடித்துக்கொண்டு கிடக்கிறது. முதலில் உனக்கும் பிரின்ஸிக்கும் நன்றி சொல்லிவிடுகிறேன். பெற்ற பிள்ளைக்கு யாராவது நன்றி சொல்வார்களா என்று அப்பா கேட்டார். ஏன் சொல்லக்கூடாது? கொழுந்துக் கூடையைத் தவிர வேறெதையும் சுமந்து பழகாத என்னை, சக்கரம் வைத்த பெட்டியை உருட்டிக்கொண்டு நியூசிலாந்து, நியூ கலிடோனியா, பிஜி, சமோவா, குக் தீவுகள், தாஹிட்டி என்று பசிபிக் கடல் முழுக்கச் சுற்றவைத்தாய். அந்தப் பெயர்களைத் தப்பில்லாமல் சொல்லவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. நன்றி மகனே, வாய் நிறையச் சொல்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால், நீ "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். வீடியோவில் பேசினால் அப்பா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று உனக்குக் கையாட்டிக்கொண்டே இருப்பார். இது அவர் பின்னால் நிற்காதபோது சொல்ல வேண்டிய விஷயம். நீயும் அக்காவும் பேசி ஒரு ஏற்பாடு செய்தீர்கள். எங்கள் இரண்டு பேருக்கும் எஸ்டேட் வேலை முடிந்துவிட்டது, எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அதனால் மழை ஓய்ந்ததும் நான் ஆக்லாந்துக்கு உன்னிடம் வருவது, பிரின்ஸியின் பிரசவத்தையும் அப்புறம் குழந்தையையும் பார்த்துக்கொள்வது. அப்பா மலையிறங்கிக் கம்பத்தில் அக்கா வீட்டில் இருப்பது, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் வருவது. பிரியப்போகிறவர்கள் அதற்கு முன்னால் ஒன்றாக ஒரு நல்ல பயணம் போய்வரட்டும் என்றுதான், நீ முன்பு வேலை பார்த்த கப்பலில் சொந்தக்காரர்களுக்கு உள்ள சலுகையில் எங்களை ஏற்றிவிட்டாய். அந்த ஏற்பாட்டுக்கு முதலில் தலையாட்டியவள் நான்தான். ஆட்டிய தலையைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

கோபப்படாமல் மேலே படி. நானும் அப்பாவும் எப்படிக் குடும்பம் நடத்தினோம் என்று நீ பார்த்துத்தான் வளர்ந்தாய், ஆனால் பிள்ளைகளுக்கு அது தெரிவதில்லை. உனக்குச் சோறு நேரத்துக்குக் கிடைத்தது, அவ்வளவுதான் உனக்குத் தெரியும். அப்பாவுக்குப் பேக்டரியில் ராத்திரி வேலை. பகலில் நாங்கள் பறித்துக் கொண்டுவந்து கொட்டும் கொழுந்து மாடியில் வாடும், நள்ளிரவுக்கு மேல் அதை உருட்டும் ரோலர் ஓடும். அவர் வேலை முடிந்து, உடம்பெல்லாம் தேயிலைத் தூசியோடு மேட்டில் ஏறி வரும்போது, நான் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கீழே இறங்கிக்கொண்டிருப்பேன். பாதி வழியில் சந்திப்போம். வீட்டுச் சாவியைக் கைமாற்றுவோம். "சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுட்டு" என்பேன், "ம்" என்பார். "அரிசி தீந்துட்டு" என்பேன், "ம்" என்பார். நான் சாயங்காலம் வரும்போது அவர் குளித்துக் கிளம்பி நிற்பார். சீசன் நேரத்தில் அவர் முகத்தைவிட அவர் போர்வையைத்தான் நான் அதிகம் பார்த்திருப்பேன். சண்டை போடக்கூட எங்களுக்கு நேரம் வாய்க்கவில்லை. லயத்தில் மற்ற பெண்கள், "ஒன் புருசன் தங்கமான மனுசன், ஒரு வார்த்த எதுத்துப் பேசுதாரா பாரு" என்பார்கள். முழித்திருந்தால்தானே பேசுவதற்கு.

ஆகவே நீ பிரித்து அனுப்ப நினைத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் வரவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. வேலையிலிருந்து நின்ற பிறகு அந்த மனிதர் பகலெல்லாம் வீட்டிலிருந்துகொண்டு, நான் வெங்காயம் நறுக்குவதைப் பார்த்து, "இன்னுங் கொஞ்சம் பொடிசா அரியலாம்லா" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். அடுப்படியில் இரண்டு மேஸ்திரி ஆகாது என்று எனக்குத் தோன்றியது. அக்கா வீட்டில் போய் வெங்காயத்தைப் பார்க்கட்டும், நான் என் பேரனையோ பேத்தியையோ மடியில் போட்டுக்கொண்டு இருப்பேன் என்றுதான் நினைத்தேன். அதில் அவரை விட்டுப் பிரிகிறோம் என்ற நினைப்பே எனக்கு எழவில்லை. கூட இருந்து பழகினால்தானே பிரிவது தெரியும்.

கப்பலில் நீ எங்களுக்கு எடுத்துக்கொடுத்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வட்டமாய் ஒரு ஜன்னல், இரண்டு பேருக்கும் ஒரே கட்டில். அதைப் பார்த்ததும் அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "ரெண்டு பேருமா ஒரே நேரத்துல ஒறங்கணும்?" என்று கேட்டார். கேலிக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். முதல் சில நாட்கள் அவருக்கு ரோலர் ஓடும் நேரத்துக்கு முழிப்பு வந்துவிடும். விடிந்து நான் எழும்போது, சட்டை மாட்டி, தலை சீவி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார், சைரன் ஊதினால் கிளம்ப வேண்டியவர் மாதிரி. பகலில் சாப்பாட்டு மேசையில் தூங்கி வழிவார். அந்தச் சாப்பாட்டு அறையில் நடந்த கூத்தைக் கேள். பரிமாறும் பையன் கோப்பையில் வெந்நீரையும், நூல் கட்டிய தேயிலைப் பொட்டலத்தையும் வைத்தான். அப்பா பொட்டலத்தைப் பிய்த்துத் தூளை உள்ளங்கையில் கொட்டி, முகர்ந்து, "தரையக் கூட்டி அள்ளி இதுல பொதிஞ்சிருக்கானுவளா" என்று என்னிடம் சொன்னார். அடுத்த மேசை வெள்ளைக்காரம்மா ஏதோ மந்திரம் போடுகிறார் என்று நினைத்திருப்பாள். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். மேல்வரிசையில் ஒரு பல் விழுந்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எப்போது விழுந்தது என்று கேட்டேன். நீ பத்தாவது படிக்கும்போது என்றார்.

இப்படியே மெல்ல மெல்லப் பழக்கமானோம். அவருக்கு மீன் முள் எடுக்கத் தெரியாது என்பது தெரிந்தது. வீட்டில் நான் மூடி வைத்துவிட்டுப் போகும் குழம்பில் மீனை அப்படியே பூனைக்குப் போட்டிருக்கிறார் மகனே, இத்தனை வருஷமாக. எனக்குப் படி இறங்கப் பயம் என்று அவருக்குத் தெரிந்தது. மலைச்சரிவில் கூடையோடு ஓடியவள் இரும்புப் படிக்குப் பயப்படுகிறாளே என்று ஆச்சரியப்பட்டார், ஆனால் அன்றிலிருந்து படியில் எனக்கு ஒரு படி முன்னால் இறங்கினார். பிஜியில் சந்தைக்குப் போனபோது நம் சாடையில் ஒரு பெண் கத்தரிக்காய் விற்றுக்கொண்டிருந்தாள். தமிழ் வரவில்லை, இந்தி மாதிரி ஒன்று பேசினாள். கரும்பு வெட்ட அந்தக் காலத்தில் கப்பலேறி வந்தவர்களின் வழிவந்தவள். அவளுக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலமும் எங்களுக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலமும் சேர்ந்து ஒரு முழுப் பேச்சாயிற்று. அவள் குடும்பத்தில் முதலில் வந்தவர் பெண்சாதியை ஊரில் விட்டுவிட்டு வந்தவராம், அப்புறம் திரும்பிப் போகவே இல்லையாம். அந்தப் பெண்சாதி என்ன ஆனாள் என்று அப்பா கேட்டார். இவளுக்குத் தெரியவில்லை. ஒருவருக்கும் தெரியாது என்றாள். கப்பலுக்குத் திரும்பும் வழியில் அப்பா இரண்டு தரம் அந்தச் சந்தையைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

இனிச் சமோவாவுக்கு வருகிறேன், சொல்ல வேண்டியது அங்கேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கப்பல் அங்கே நின்றது. மற்றவர்களெல்லாம் கடலில் குளிக்கப் போனார்கள். அப்பா, "ஞாயித்துக்கெழமை கோயிலுக்குப் போவாம என்ன குளிப்பு" என்று சொல்லி, நடந்து போய் முதலில் சிலுவை கண்ணில் பட்ட கோயிலுக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு நுழைந்தார். உள்ளே ஆணும் பெண்ணும் வெள்ளை வெளேரென்று உடுத்தியிருந்தார்கள், பெண்கள் தலையில் வெள்ளைத் தொப்பி. நடுவில் நான் அரக்கு நிறப் பட்டுச்சேலையோடு. எடுத்த எடுப்பில் அவர்கள் பாடிய பாட்டில் என் கண் நிறைந்துவிட்டது, பாஷை புரிந்தா நிறைய வேண்டும்? அன்று அவர்களுக்கு ஏதோ விசேஷம் போலிருக்கிறது. முன்னால் சேம்பங்கிழங்கு, வாழைத்தார், சீமைப்பலா, பின்னிய பாய் எல்லாம் குவித்து வைத்திருந்தார்கள். ஆராதனை முடியும் தறுவாயில் ஒரு பெரியவர் எழுந்து, ஒவ்வொரு பெயராகவும் அதோடு ஒரு தொகையையும் உரக்கச் சொல்ல ஆரம்பித்தார்.

உனக்கு இப்போது புரிந்திருக்கும். நம் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு என்ன நடக்கும்? முதல் பலாப்பழம், முதல் ஏலக்காய், கோழி, பூசணி எல்லாம் கோயிலுக்கு முன்னால் குவியும். ஏலம் விடுவார்கள். ஏலம் கூறுவது உன் அப்பா, ரோலர் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. யாருக்காவது நன்றி சொல்ல வேண்டுமென்றால், அவர் பெயரைச் சொல்லி ஒரு பொருளைப் பிடிப்போம், பிடித்ததைத் திரும்பவும் கோயிலுக்கே கொடுப்போம். அப்பா உன் பெயரில் பிடித்திருக்கிறார், அக்கா பெயரில் பிடித்திருக்கிறார், உனக்குக் கப்பலில் வேலை கிடைத்த வருஷம் பெரிய கிடாயையே பிடித்தார். ஒரு வருஷம் கன்று ஈன முடியாமல் தவித்துப் பிழைத்த நம் பசுவின் பெயரில் சுரைக்காய் பிடித்தார், சபையே சிரித்தது. என் பெயரில் ஒரு எலுமிச்சம்பழம்கூடப் பிடித்ததில்லை. நானும் அதை எதிர்பார்த்ததில்லை, லயத்தில் எந்தப் புருஷனும் பெண்சாதி பெயரில் பிடிப்பதில்லை.

சமோவாக்காரர்களோ, எந்தக் குடும்பம் என்ன காணிக்கை கொடுத்தது என்பதை வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஏலமும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் சுதாரிப்பதற்குள் அப்பா எழுந்து நின்று, கையைத் தூக்கி, பேக்டரித் தொண்டையில் ஆங்கிலத்தில் ஒரு தொகையைச் சொன்னார். கோயில் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "சும்மா இரி, வேற எவனாவது கூட்டிக் கேட்டுருவான்" என்று என் கையைத் தட்டிவிட்டார். வாசித்த பெரியவர் திகைத்து, யார் பெயரில் என்று கேட்டார். அங்கே ஒவ்வொரு காணிக்கைக்கும் ஒரு பெயர் உண்டல்லவா, அதனால் கேட்டிருப்பார். அப்பா என்னைக் காட்டி, "மை வைஃப்" என்றார். அப்புறம் பெயரையும் சொன்னார். என் பெயரை அவர் வாயால் நான் கேட்டே எத்தனையோ காலம் ஆகியிருந்தது மகனே. "ஏளா" என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பெரியவர் என் பெயரை அவர்கள் நாக்குக்கு வந்தபடி திரித்து, உரக்கத் திரும்பச் சொன்னார். சபையில் ஒரு சிரிப்பு எழுந்தது, நல்ல சிரிப்பு. பருத்த ஒரு அம்மா எழுந்து போய், கைக்குழந்தை அளவில் இருந்த ஒரு சேம்பங்கிழங்கை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். வழக்கப்படி அதைத் திரும்பக் கோயிலுக்கே கொடுத்தேன். அவர்கள் விடவில்லை, அதை அவித்துத் தேங்காய்ப்பாலில் போட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்களை நடுவில் உட்கார வைத்துப் பரிமாறினார்கள். தப்பு நடந்தது தெரிந்ததும் அப்பாவுக்குக் காது சிவந்துவிட்டது. ஆனாலும் இரண்டாவது தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

சாயங்காலம் கப்பல் கிளம்பியதும் ஒலிபெருக்கியில் சொன்னார்கள், நாளைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் என்று. கிழக்கே போகும்போது கடலில் ஒரு கோட்டைத் தாண்டினால் ஒரு நாள் மறுபடி வருமாம். நீ கப்பலில் இருந்தவன், உனக்கு இது புதிதில்லை. அப்பாவுக்குப் பெரிய சந்தோஷம். "கணக்குல வராத நாளு" என்றார். மறுநாள் காலையில் மேல்தளத்தில் இரண்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். சுற்றிலும் தண்ணீர், ஒரு கரையும் இல்லை. நான்தான் கேட்டேன்.

"எதுக்கு எம் பேருல பிடிச்சிய?"

"அங்க நம்மள யாருக்குத் தெரியும்? நம்ம கோயில்ல சொன்னா ஒரு வருசத்துக்குச் சிரிப்பானுவ."

"சிரிச்சா சிரிக்கட்டும். அடுத்த பண்டிகைக்குப் பிடிச்சிருக்கலாம்லா?"

"அடுத்த பண்டிகைக்கு நீ எங்களா இருப்ப? நீ அவன்கிட்ட இருப்ப. நான் கம்பத்துல பிள்ளையளுக்குப் பை தூக்கிட்டு இருப்பேன்."

எனக்குச் சுருக்கென்றது. அவர் இந்த ஏற்பாட்டைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. "ஒங்களுக்கு இஷ்டமில்லன்னா ஏன் சொல்லல?" என்று கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"ஒனக்குப் போவணும்னு ஆச. மொகத்துலயே தெரியுதே. நீ போயிட்டு வா. நான் எப்பிடியாவது இருந்துக்கிடுவேன்."

அழுதேன் மகனே, நடுக்கடலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் பார்க்க அழுதேன். கோபமும் வந்தது. இருந்துக்கிடுவேன் என்றால் என்ன அர்த்தம்? இத்தனை காலமும் இருந்துகொண்டதுதானே? ராத்திரி முழுக்க நின்று வேலை செய்துவிட்டு, பகலில் உன்னைத் தொட்டிலில் போட்டு ஒரு கையால் ஆட்டிக்கொண்டே தூங்கியவர். உனக்குப் பால் கொடுத்தது நான், உன்னைத் தூங்கவைத்தது முழுக்க அவர்தான். அந்த மனிதரைக் கணக்கில் வைக்காமலேயே நான் உனக்குச் சரி என்று சொல்லியிருக்கிறேன். அன்று நாங்கள் நிறையப் பேசினோம். எல்லாவற்றையும் உனக்கு எழுத மாட்டேன், பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லாததும் அதில் உண்டு. குக் தீவுகளில் இறங்கியபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தாஹிட்டியில் நான் காதோரம் ஒரு வெள்ளைப் பூ செருகிக்கொண்டேன். இந்த வயதில் என்ன பூ என்று அவர் கேட்கவில்லை, சாய்ந்திருக்கிறது என்று சொல்லிச் சரியாக வைத்துவிட்டார்.

இதற்குத்தான் உனக்கு நன்றி. நீ எங்களைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு மரியாதையாக அந்தப் பயணத்தைக் கொடுத்தாய். நாங்கள் புருஷன் பெண்சாதியாய் வாழ ஆரம்பித்ததே அதில்தான். நீ கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை, அது எனக்குத் தெரியும். அக்காவுக்கும் ஒத்தாசை வேண்டும், உனக்கும் ஒத்தாசை வேண்டும், இருப்பது இரண்டு கிழடுகள், ஆளுக்கு ஒன்று என்று பங்கு வைத்தீர்கள். ஊரில் நடக்காததா.

ஆக்லாந்தில் உன் வீட்டில் தங்கிய நாட்களில் ஒன்றைப் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பிரின்ஸி ஆசுபத்திரியில் ராத்திரி டியூட்டி முடிந்து படியேறுகிறாள், நீ ஓட்டலுக்கு இறங்குகிறாய். அவள் தூங்கும் நேரத்தில் நீ அடுப்பில் நிற்கிறாய். "ராத்திரிக்குச் சாதம் மூடி வச்சிட்டுப் போவேன்" என்கிறாள், நீ "ம்" என்கிறாய், அப்பாவின் அதே "ம்". வயிற்றுப்பிள்ளைக்காரியின் முன்னால் எதையும் சொல்ல வேண்டாம் என்று விட்டேன். எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, எஸ்டேட் போட்ட நேரம்தான் எங்கள் நேரம். நீங்கள் படித்தவர்கள், கேட்டு வாங்க முடியும். குழந்தை வருவதற்குள் இரண்டு பேரில் ஒருவர் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். வருமானம் குறைந்தால் குறையட்டும். ஒரு வேளைச் சோற்றையாவது எதிரெதிரே உட்கார்ந்து தின்னுங்கள். அவளுக்கு எது பயம், உனக்கு எது தெரியாது என்பதெல்லாம் தலை நரைக்கும் முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

இனி எங்கள் முடிவு. கம்பம்மெட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால் இரண்டு அறை வீடு ஒன்று அப்பா பார்த்து வைத்திருக்கிறார். அங்கிருந்து மலையிறங்கினால் அக்கா வீடு, வேண்டும்போது போய்வருவோம், சாயங்காலம் திரும்பிவிடுவோம். அக்காவிடம் பேசிவிட்டேன். முதலில் முகத்தைத் தூக்கினாள், அப்புறம் அவளும் அழுதாள். பிரின்ஸியின் பிரசவத்துக்கு நான் கண்டிப்பாக வருகிறேன், அதில் மாற்றமில்லை. அவளுக்கு மருந்துப் பொடி இடித்தாகிவிட்டது. ஆனால் இரண்டு பேராக வருவோம், குழந்தைக்குத் தலை நின்றதும் இரண்டு பேராகத் திரும்புவோம். டிக்கெட் இரண்டு போடு. ஒன்றுதான் முடியும் என்றால் இப்போதே சொல்லிவிடு, அவளுடைய அம்மாவிடம் கெஞ்சிக் கேட்டு அனுப்பிவைக்கிறேன். உன் வீட்டில் அறை சின்னது என்று நீ யோசிப்பாய். நீ பிறந்து வளர்ந்த லயத்து அறை அதைவிடச் சின்னது.

போன வாரம் போனில் இதை லேசாகத் தொட்டபோது, "அப்பா இங்க வந்து என்னம்மா செய்வாங்க?" என்று கேட்டாய். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள், ஆள் என்றாலே வேலைதான் என்று பழகிவிட்டேன், அதனால் அவருக்கு அங்கே என்ன வேலை கொடுக்கலாம் என்றுதான் நானும் யோசித்துப் பார்த்தேன். யோசித்து முடித்துவிட்டேன் மகனே. அப்பா அங்கே ஒன்றும் செய்ய மாட்டார். என் கூட இருப்பார்.

உன் அம்மா